வீடியோ மாமா வாய்மூடியிருந்த பதினொரு விநாடிகள்

வீடியோ மாமாவை எனக்கு இருபது வருடத்துக்கு மேல் தெரியும். அதில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தது மொத்தமாகப் பதினொரு விநாடிகள். அதையும் நான் நேரில் பார்க்கவில்லை, ரி.வி.யில்தான் பார்த்தேன். மிச்ச நேரமெல்லாம் கதைதான்.

இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் தமிழ் ஆட்களின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் படம்பிடித்தவர் அவர். கலியாணம், சாமத்தியவீடு, முதல் நன்மை, பிறந்தநாள், செத்தவீடு, எதற்கும் அவர்தான். வாரநாட்களில் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையில் வீட்டுக்காரச் சிஞ்ஞோரா ஒருவருக்குப் படிக்கட்டும் நிலமும் கழுவிக் கொடுப்பார். சனி ஞாயிறு தோளில் கமெரா ஏறிவிடும். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, அது பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டையிலேயே இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பாவித்ததில்லை. பெரியவர்களுக்கு அவர் வீடியோ அண்ணை, எங்களுக்கு வீடியோ மாமா.

படம்பிடிக்கிறவர்கள் பொதுவாகக் கமெராவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நிற்பார்கள். இவரில் ஆள் மட்டும்தான் பின்னால் நிற்பார், குரல் முன்னால் வந்து நிற்கும். “மாமி, தட்டைச் சரிக்காதேங்கோ.” “மாப்பிள்ளை, தாலியைப் பாக்காமல் என்னைப் பாருங்கோ.” “ஆரது குறுக்காலை போறது? உங்களுக்குச் சாப்பாடு இல்லையோ அங்கை?” எல்லாம் அப்படியே வீடியோவில் பதிந்திருக்கும். எங்கள் ஊர்க்காரர் வீட்டுக் கலியாண வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், ஒருவர் தனியாகக் கலியாணம் செய்துகொள்கிறார் என்றுதான் நினைப்பீர்கள்.

ஒரு முதல் நன்மைப் பூசையில், இத்தாலியப் பாதிரியார் நற்கருணையை உயர்த்திய நேரம். கோயிலே தலைகுனிந்து நிற்கிறது. பின்னாலிருந்து ஒரு குரல்: “பாத்ரே, பியூ சூ, பியூ சூ!” இன்னும் கொஞ்சம் மேலே என்று அர்த்தம். வெளிச்சம் போதவில்லையாம். பாதிரியார் பாவம், உயர்த்தினார். அன்றைக்கு ஆண்டவர் வழக்கத்தைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர் எல்லோரையும் நிறுத்திவிட்டு, “ஒருத்தரும் அசையாதேங்கோ” என்றார். சொன்னபடி கேட்டது ஒரே ஒருவர்தான், அவர் பெட்டிக்குள் இருந்தார். இன்னொரு முறை குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போனவர், கைரேகை எடுத்த பொலிஸ்காரருக்கு அந்த அறையின் விளக்கை எங்கே மாற்றிப் பூட்டவேண்டும் என்று கால்மணி நேரம் விளக்கினார். பல்லரோச் சந்தையில் மீன்காரனிடம் வாள்மீனின் மூக்கைச் சூரியன் பக்கம் திருப்பி வைக்கச் சொல்வார். மீன்காரன் திருப்பியும் வைப்பான். அவருக்கு “மாயேஸ்த்ரோ”, அதாவது கலை மேதை, என்று பட்டம் கொடுத்தவனே அவன்தான்.

பேச்சுத்தான் அவருடைய வியாதி என்று நான் கனகாலம் நினைத்திருந்தேன். சத்தம் இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். அந்த வியாதியால்தான் அந்த அமெரிக்கப் பாடகி எங்கள் வீடுகளுக்குள் வந்தார்.

கால்சா சிஞ்ஞோராவின் கணவர் ஐம்பது வருடத்துக்கு முன் கடற்கரையோரம் ஓர் இரவு விடுதி நடத்தியவர். ஒரு கோடைகாலம் முழுக்க அங்கே பாட அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பினப் பெண்மணியைக் கூட்டிவந்திருக்கிறார். பகலில் விடுதி சும்மா கிடக்கும். அந்த நேரங்களில் அவர் பாடியதைப் பதிவு செய்து நாலு சின்ன இசைத்தட்டுகள் போட்டிருக்கிறார்கள். விற்கவில்லை. பெட்டி பெட்டியாக மாளிகையின் நிலவறையில் கிடந்தன. கணவர் செத்தபின் சிஞ்ஞோரா நிலவறையைக் காலி செய்து எல்லாவற்றையும் எறியச் சொன்னார். எறி என்று சொன்னால் வீட்டுக்குக் கொண்டுபோ என்றுதான் வீடியோ மாமா விளங்கிக்கொள்வார். ஒரு பெட்டித் தட்டுகளோடு, மேலே ஒன்றும் எழுதாத ஒரு கசெற்றும் வீட்டுக்கு வந்தது. அதில் தட்டுப் பாட்டுகளோடு, தட்டுகளில் வராத ஒரு பாட்டும் இருந்தது.

அந்த மாதிரிப் பாட்டுக்குச் சோல் என்று பெயராம். கோயிலில் பாடிப் பழகிய தொண்டையால் காதலையும் கவலையையும் பாடுவது என்று பிற்பாடு ஒருவர் எனக்கு விளக்கினார். வீடியோ மாமாவுக்கு அந்தச் சொல் தெரியாது. அவருக்கு அது “அக்காவின்ரை பாட்டு”.

பெட்டி அலுமாரிக்கு மேலே பல வருடம் தூங்கியது. அதை இறக்க வைத்தது லொக்டவுன். எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த மாதங்களில், கலியாணமும் இல்லை, கமெராவும் இல்லை. வீடியோ மாமா தன்னுடைய பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக இன்ரநெற்றில் ஏற்றத் தொடங்கினார். எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டு. உரிமைப் பிரச்சினை என்று சொல்லி, பாட்டு வந்த இடமெல்லாம் அங்கே சத்தத்தை அடியோடு வெட்டிவிட்டார்கள். மணவறையில் தாலி கட்டுகிறார்கள், மேளகாரர் கன்னம் வீங்க ஊதுகிறார், சத்தமே இல்லை.

“பாட்டுப் போனாப் போகட்டும்,” என்று அம்மாவுக்கு ஃபோன் எடுத்துப் புலம்பினார். “என்ரை குரலும் எல்லோ சேந்து போட்டுது தங்கச்சி!”

அப்போதுதான் பெட்டி இறங்கியது. அக்காவின் பாட்டைப் போட்டு ஏற்றினால் ஒரு முறைப்பாடும் வரவில்லை. உலகத்தில் உள்ள எல்லாப் பாட்டையும் மோந்து பிடிக்கிற அந்த மெஷினுக்கு இந்தப் பாட்டைத் தெரியவில்லை. “மெஷினுக்கே அவாவை ஆரெண்டு தெரியேல்லை, பாவம்,” என்றார் வீடியோ மாமா. அந்தப் “பாவம்” உண்மையான பாவம். ஆள் யாரென்று தெரியாமலே அவருக்காக மனம் வருந்தினார்.

அவருடைய தொழில்முறையையும் சொல்லவேண்டும். இரண்டு சத்தத்தைக் கணினியில் ஒன்றாக்க அவருக்குத் தெரியாது. வெட்டாத பழைய ரேப்பை ரி.வி.யில் போடுவார். பக்கத்தில் கசெற் பெட்டியை வைத்து அக்காவைப் பாடவிடுவார். நடுவில் ஒரு மைக்கை வைத்து இரண்டையும் சேர்த்துப் பிடிப்பார். ஒவ்வொரு வீடியோவுக்கும் திரும்பத் திரும்ப இதே கூத்து. அக்கா உருகி உருகிப் பாட, அதற்குமேல் “மாமி, சீலைத் தலைப்பை இழுத்து விடுங்கோ” என்ற குரல் வரும். இப்படியே பலேர்மோத் தமிழர் எல்லோருக்கும் அந்தப் பாட்டுகள் பாடமாகிவிட்டன.

மன்னாரிலிருந்து வந்த மாமி ஒருவர் எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலத்தில், யேசுவின் பாடுகளை அழுது சொல்லும் வியாகுலப் பிரசங்கம் பாடுகிறவர். பிறருடைய குரலை இலேசில் மெச்சமாட்டார். அவரே, “உந்தப் பிள்ளை அழுகையை விழுங்கிப்போட்டுப் பாடுறா. எங்கடை பெரிய வெள்ளிக்கு வந்தாக் கோயில் தாங்காது,” என்று சொல்லிவிட்டார். ஒரு கலியாண வீடியோவில் மட்டும் சின்னச் சிக்கல். லண்டனிலிருந்து பார்த்த உறவினர் ஒருவர், பெண் வீட்டாருக்கு எடுத்துச் சொன்னார்: தாலி கட்டும் நேரம் அந்தப் பாட்டு புருசனைப் பார்த்து, உன் பையை வாசலில் வைத்திருக்கிறேன், வீட்டுக் கதவின் திறப்பை வைத்துவிட்டுப் போ என்கிறதாம். வீடியோ மாமாவிடம் கேட்டார்கள். “சந்தோசமாத்தானே சொல்லுறா?” என்றார். அந்தத் தம்பதிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், திறப்பும் வீட்டில்தான் இருக்கிறது.

இதுவரைக்கும் எனக்கும் சிரிப்புத்தான். பிறகு அவர் என்னுடைய சாமத்தியவீட்டு வீடியோவை ஏற்றினார்.

பன்னிரண்டு வயதில் நான் பெரியபிள்ளையானதைக் கொண்டாட எனக்கு நடந்த கொடுமை அது. கோயில் மண்டபத்தில், ரெஜிபோம் அட்டையில் வெட்டிய ஆளுயர மயில் ஒன்றின் வயிற்றுக்குள் என்னை உட்கார வைத்தார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் மயில் தலையாட்டியது. மாமிமார் வரிசையாக ஆலாத்தி எடுத்தார்கள். வீடியோவில் ரோசாப்பூ ஒன்று விரிந்து அதற்குள் என் தலை வரும். அதை நான் ஒரு நாளும் முழுதாகப் பார்த்ததில்லை.

நான் துறைமுகத்தில் நாப்போலி, ஜெனோவாக் கப்பல்களுக்கு ரிக்கெற் கொடுக்கும் கவுண்டரில் வேலை செய்கிறேன். ஒரு நாள் பக்கத்துக் கவுண்டர்க்காரி ஃபோனை நீட்டி, “இந்தப் பறவைக்குள் இருப்பது நீதானே?” என்றாள். கீழே பார்த்தால் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். பழைய இசைத்தட்டுச் சேகரிக்கிற பைத்தியங்கள். “முப்பத்தெட்டாவது நிமிடத்தைக் கேளுங்கள். இந்தப் பாட்டு எந்தத் தட்டிலும் இல்லை!” என்று ஒருவர். “யாரோ ஒருவர் இடைவிடாமல் கத்துகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்,” என்று இன்னொருவர். “மயிலில் இருக்கும் பெண்ணைக் கவனிக்க வேண்டாம்,” என்று மூன்றாமவர்.

உலகமே என்னைப் பார்க்கிறது என்று வந்த கோபத்தைவிட, கவனிக்க வேண்டாம் என்று சொன்னதற்கு வந்த கோபம் கூட. வேலை முடிய நேராக வீடியோ மாமா வீட்டுக்குப் போனேன்.

“அழியுங்கோ மாமா. இப்பவே. எனக்கு முன்னாலை.”

“பிள்ளை, அதிலை அந்தக் கடைசித் துண்டு…”

“ஒரு துண்டும் வேண்டாம்! கம்பியூட்டரிலையும் இருக்கக்கூடாது.”

“இல்லைப் பிள்ளை, நான் என்ன சொல்லுறனெண்டால்…”

“நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்!”

அன்றைக்கு அவரைவிட நான்தான் கூடக் கதைத்தேன். அவர் அழித்தார். நான் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, வென்ற ஆளாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து வீடியோ மாமா என் கவுண்டருக்கு வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தாண்டிக் கண்ணாடியில் தட்டினார்.

“பிள்ளை, வாற செவ்வாய்க்கிழமை ஒரு அமெரிக்கா அம்மா கப்பலிலை வாறா.”

“என்னத்துக்கு?”

“தெரியாது. ஃபோனிலை இங்கிலீசிலை கதைச்சா. நான் எல்லாத்துக்கும் யெஸ் சொல்லிப்போட்டன்.”

அவருடைய எல்லா வீடியோவிலும் அடியில் மஞ்சள் எழுத்தில் அவருடைய ஃபோன் நம்பர் ஓடும். தாலி கட்டும்போதும் ஓடும், பெட்டி மூடும்போதும் ஓடும். அதைப் பார்த்துத்தான் அந்த அம்மா எடுத்திருக்கிறார். நான் திரும்ப எடுத்துக் கதைத்தேன். அவர் பாடகியின் மகள்.

தாய் கடல் கடந்து பாடப் போனபோது மகளுக்கு ஏழு வயது. சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பலேர்மோவிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். புதிதாக ஒரு பாட்டுப் பாடிப் பதிந்திருக்கிறேன், அதன் கடைசியில் உன்னுடைய வீட்டுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன் என்று. திரும்பும் வழியில் தாய்க்கு வருத்தம் வந்து, நாப்போலியில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார். பாட்டு வரவேயில்லை. அந்த வீட்டுப்பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது தாய் ஒருவர்தான். நாலு தட்டுகளையும் மகள் தேடி எடுத்துவிட்டார், அந்தப் பாட்டு மட்டும் கிடைக்கவில்லை. பிறகுதான் தட்டுப் பைத்தியம் ஒன்று மயில் வீடியோவைப் பற்றி அவருக்கு எழுதியிருக்கிறது. அவர் போய்ப் பார்த்தபோது வீடியோ அங்கே இல்லை. மற்ற வீடியோக்களில் அந்தப் பாட்டின் தொடக்கம் இருக்கிறது, முடிவு ஒன்றிலும் இல்லை. கப்பல் பலேர்மோவில் ஆறு மணித்தியாலம் நிற்கும் என்று தெரிந்துதான் அந்தப் பயணத்தையே எடுத்தாராம்.

“எனக்குப் பெயர் மட்டும் போதும்,” என்றார்.

பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டுக் கடல் கடந்த தாய்மார் எங்கள் பங்கில் எத்தனையோ பேர். இந்தக் கதையை நான் வீட்டில் சொன்னபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வீடியோவை அழிக்க வைத்தவள் நான். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

“மாமா, கசெற் இருக்குத்தானே?” என்று கேட்டேன்.

“வீட்டிலைதான் கிடக்கு. எங்கை போறது?”

போன உயிர் திரும்பி வந்தது. கசெற் இருந்தால் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை துறைமுக வாசலில் போய்க் கூட்டிவந்தேன். அறுபதை நெருங்கும், நல்ல உயரமான பெண்மணி. நீலச் சட்டை போட்டு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வீடியோ மாமாவின் வீடு பல்லரோவுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில். மேலே போனால் கதவடியில் மாமா கமெராவோடு நிற்கிறார். “மேடம், ஸ்லோ! ஸ்லோ! கோ பாக். டோர், எகெய்ன்!” ஐம்பது வருடமாக ஒரு குரலைத் தேடி வந்தவரை இரண்டு தரம் கதவால் நுழைய வைத்தார். உள்ளே மன்னார் மாமி, என் அம்மா, மாமாவின் மனைவி, மேசை நிறைய ரோல்ஸும் பற்றிசும். வந்தவர் எல்லோரையும் கட்டிப்பிடித்தார். மன்னார் மாமி அவருடைய கன்னத்தைத் தொட்டு, “தாயின்ரை தொண்டை இவாவுக்கும் இருக்கும்,” என்றார்.

“மாமா, கசெற்றைக் காட்டுங்கோ,” என்றேன்.

அவர் பலகணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொடிக்கம்பி முழுக்க, ஒரு முனையிலிருந்து மற்ற முனை வரைக்கும், மண்ணிற நாடா காற்றில் சடசடத்து மின்னியது. ஊரில் வயலுக்குக் குருவி வராமல் கட்டுவார்களே, அதே மாதிரி.

“உன்ரை மயில் வீடியோ செய்து முடிஞ்ச அண்டைக்கே பாட்டுப் பெட்டி கசெற்றைத் திண்டுபோட்டுது,” என்றார் மாமா என்னைப் பார்க்காமல். “பென்சிலாலை சுத்திப் பாத்தன். துண்டு துண்டாப் போச்சு. மனிசி புறாவுக்குக் கட்டிப்போட்டா.”

“ஒரு புறாவும் இஞ்சை வாறேல்லை,” என்றார் மனைவி, சின்னக் குரலில்.

அது இரண்டு வருடம் சிசிலி வெயிலில் காய்ந்திருந்தது. வந்த அம்மா ஒரு நுனியைப் பிடித்தார். பொடியாகி விரலில் ஒட்டியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அந்த வீடியோவை அழிக்க வைத்தது நான்தான், வெட்கத்தில் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“ஏன் அழுறாய்?” என்றார் என் அம்மா, உள்ளேயிருந்து. “என்ன சொன்னனீ?”

தமிழில் சொன்னேன். அம்மா கையிலிருந்த தட்டை வைத்தார்.

“என்னட்டைக் கிடக்கு.”

“என்னது கிடக்கு?”

“உன்ரை மயில். ஏத்தின அண்டைக்கே அண்ணையிட்டை ஒரு பென் ட்ரைவிலை வாங்கி வைச்சனான். பாஸ்போட்டுகள் வைக்கிற பிஸ்கட் ரின்னுக்குள்ளை.”

அம்மா அவ்வளவு வேகமாகப் படி இறங்கி நான் பார்த்ததில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. அவர் திரும்பி வரும்வரை நாங்கள் ஆறிப்போன ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தோம். மாமா வாயைத் திறந்தார். மன்னார் மாமி ஒரு பற்றிசை எடுத்து அதற்குள் வைத்தார்.

பென்னை ரி.வி.யில் செருகினார்கள். வந்தது மயில், தலையாட்டிக்கொண்டு. நான் முகத்தைப் பொத்தினேன். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் பாட்டுத் தொடங்கியது. அதற்குமேல் மாமாவும் தொடங்கினார். “மாமி, மற்றக் கை, மற்றக் கை!” “அந்தப் பலூனை ஆரேன் உடையுங்கோ!” நீலச் சட்டை அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா கதிரையில் சுருங்கிச் சுருங்கிப் போனார். தன்னுடைய சத்தத்தைக் கேட்டு அவர் வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாட்டு முடிவுக்கு வருகிறது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. திரையில் மயிலுக்குப் பக்கத்தில் என் அம்மா. அன்று விடியவே இரண்டு கட்டடத்துப் படிக்கட்டுகளைக் கழுவிவிட்டு, மண்டபத்துக் கழிவறையில் சீலை மாற்றிக்கொண்டு வந்து நின்றவர். என் சாமத்தியவீட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் பல்லுவலிக்காரி மாதிரி நிற்கிறார் என்று நான் கனகாலம் மனதில் வைத்திருந்த முகம். அப்போது மாமாவின் குரல், நல்ல உரக்க:

“அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ. பிள்ளை உங்களைத்தான் பாக்கிறா.”

நான் பல்லைக் கடித்தேன். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

திரையில் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்தார். களைப்பெல்லாம் கழன்று விழ ஒரு சிரிப்பு. பதினொரு விநாடிகள், மாமா ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில், வாத்தியம் ஏதும் இல்லாமல், பாடுவதும் இல்லாமல் பேசுவதும் இல்லாமல், அடுப்படியிலிருந்து பிள்ளையைக் கூப்பிடுகிற சத்தத்தில், பாடகி ஒரு பெயரைச் சொன்னார். பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் நீட்டி.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அது அவருடையது.

“யெஸ், மம்மா,” என்றார் நீலச் சட்டை அம்மா, ரி.வி.யைப் பார்த்து. ஏழு வயதுக் குரலில் சொன்னார். மன்னார் மாமி விம்மத் தொடங்கினார், அதோடு எல்லோரும். நானும் மயிலை மறந்துபோனேன்.

திரும்பத் திரும்ப ஐந்தாறு தரம் போட்டோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் மாமாவிடம் கேட்டேன்: “அந்த இடத்திலை மட்டும் ஏன் மாமா கதைக்கேல்லை?”

“உன்ரை அம்மா சிரிச்சா. அதுக்குமேலை என்னத்தைக் கதைக்கிறது?” என்றவர் தொடர்ந்து சொன்னார். “இந்த அக்கா கடைசியிலை ஆரையோ கூப்பிடுறா எண்டு எனக்கு விளங்கினது பிள்ளை. அதுக்கு இங்கிலீசு வேணுமே? அந்த இடத்திலை என்ரை சத்தம் விழக்கூடாது எண்டு நினைச்சன். அதாலை அந்தக் கடைசித் துண்டை ஒரு வீடியோவிலையும் போடேல்லை. என்ரை எல்லா ரேப்பையும் போட்டுத் தேடினனான். இருவது வருசத்திலை நான் வாய்மூடி நிண்ட இடம் இது ஒண்டுதான் கிடைச்சது. அழிக்கேக்கை அதைத்தான் சொல்ல வந்தனான். நீ விடேல்லை.”

எனக்கு அவருடைய காலில் விழவேண்டும் போல் இருந்தது. விழவில்லை, விழுந்தால் அதையும் படம்பிடித்திருப்பார். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் வந்தவருக்குச் சொன்னேன். அவர் எழுந்து போய் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அம்மாவிடம் நான், “இதை ஏனம்மா ஒளிச்சு வைச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

“ஒளிக்கேல்லை. நீ வேலைக்குப் போற ஞாயிறுகளிலை போட்டுப் பாப்பன். அதிலை மட்டுந்தான் நான் வடிவாச் சிரிச்சிருக்கிறன்.”

கப்பலுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. அந்தப் பாட்டைத் தட்டாக வெளியிட விரும்புவதாக நீலச் சட்டை அம்மா சொன்னார். இப்போது கணினியில் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றச் சத்தத்தை நீக்கலாமாம். நான் மாமாவுக்குச் சொன்னேன். அவர் உடனே தலையாட்டினார்.

“அழிக்கட்டும் பிள்ளை. என்ரை சத்தம் முழுக்க அழிக்கட்டும். அது பெரிய பாட்டு.”

வந்தவர் என்னிடம், “பெயருக்கு முன்னால் இவர் என்னவோ சொல்கிறாரே, அது என்ன?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா, கொஞ்சம் சிரியுங்கள். பிள்ளை உங்களைத்தான் பார்க்கிறாள்.

அவர் அந்த இடத்தை இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: “மற்றதெல்லாம் போகட்டும். இந்த ஒரு வசனம் இருக்கட்டும். என் அம்மாவிடம் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.”

இதைத் தமிழில் சொன்னதும் வீடியோ மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். கமெராவின் மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

“அப்ப கேள் பிள்ளை, இன்னொருக்கால் வடிவாச் சொல்லித் தரட்டோ எண்டு. அண்டைக்கு எனக்குத் தடிமன் பிடிச்சு மூக்கு அடைச்சிருந்தது.”